புரட்டாசி மழைய மணி பாத்து புடிக்கறது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு செப்டம்பர்-அக்டோபர் வானிலை முழு வழிகாட்டி, ஃப்ளைட் ஏறப் போறவங்களுக்கும் சேத்து

புரட்டாசி பொறந்துட்டா எனக்கு ஃபோன் மேல ஃபோன் வரும். "அண்ணா, தக்காளி பழுத்து நிக்குது, நாளைக்கு பறிக்கலாமா நாளன்னைக்கு வரைக்கும் வுடலாமா", "மாமா, பையனுக்கு பெங்களூர்ல ராத்திரி ஏழு மணிக்கு ஃப்ளைட்டு, எப்ப கெளம்பினா சரியா இருக்கும்", "சித்தப்பா, ஞாயித்துக்கெழம ஒகேனக்கல் போலாமா". எல்லாரும் ஆப்ப தொறந்து பாத்துட்டுதான் கேக்கறாங்க. ஆப்ல ஏழு நாளைக்கும் ஏழு மேகம் ஏழு மின்னல்னு படம் போட்டிருக்கும், அத வெச்சு யாரால என்ன முடிவு எடுக்க முடியும் சொல்லுங்க.

நான் காவேரிப்பட்டணம் பக்கம் விவசாயம் பண்றேன், தம்பி கிருஷ்ணகிரில டாக்ஸி ஓட்டறான், வாரத்துல மூணு நாலு தடவ பெங்களூர் ஏர்போர்ட் டிரிப் இருக்கும், அதனால தரையில பெய்யற மழையும் மேல பறக்கறவங்களுக்கு ஆகற தொல்லையும் ரெண்டுமே எங்க வீட்டு விஷயம்தான். பன்னெண்டு வருஷமா மாடியில மழைமானி வெச்சு காலைல எட்டரைக்கு அளந்து நோட்டுல எழுதறேன். அந்த நோட்டு எனக்கு சொல்லிக் குடுத்தது ஒண்ணுதான்: இந்த ரெண்டு மாசத்துல நம்ம ஊர்ல "இன்னைக்கு மழை வருமா"ன்னு கேக்கறது தப்பான கேள்வி, "எத்தன மணிக்கு, எந்தப் பக்கம் இருந்து"ன்னு கேட்டீங்கன்னா பதில் கெடைக்கும். அந்த பதில எப்படி எடுக்கறதுன்னுதான் இதுல ஒவ்வொரு படியா எழுதறேன்.

படி 1: மொதல்ல நம்ம மேடு பள்ளத்த மனசுல வாங்கிக்கங்க

ஓசூர் கடல் மட்டத்துல இருந்து சுமாரா 900 மீட்டர் ஒசரத்துல இருக்கு, கிருஷ்ணகிரி 500க்கு பக்கம், தர்மபுரி அதவிட கொஞ்சம் கம்மி, ஊத்தங்கரை இன்னும் கீழ. அதாவது சூளகிரி தாண்டி கிழக்கால வரும்போது நாம மேட்டுல இருந்து எறங்கிட்டே வர்றோம். மேக்கால தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, மேலகிரி காடு. தெக்கால சேர்வராயன் மலை, வத்தல்மலை, கிழக்கு தெக்கால சித்தேரி. மதியானம் வெயில்ல இந்த மலைச் சரிவுதான் மொதல்ல சூடாகும், அங்க இருந்து சூடான காத்து மேல ஏறும், மேகம் அங்கதான் மொதல்ல மொளைக்கும். அதனாலதான் ஒரே மாவட்டத்துல பாலக்கோட்டுல மழை கொட்டும்போது அரூர்ல ஆளுங்க துணி காயப் போட்டுட்டு இருப்பாங்க, ரெண்டு பேருக்கும் ஆப்ல ஒரே படம்தான்.

இன்னொண்ணு, தென்மேற்கு பருவமழை நேரா கொட்டற எடம் நம்முது கிடையாது, மேற்குத் தொடர்ச்சி மலை மறைச்சிடுது. ஜூன் ஜூலைல நமக்கு வர்றது காத்துதான், ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது சும்மா இல்ல. அந்த காத்து ஓயற நேரம் ஆவணி கடைசி. காத்து ஓஞ்சாத்தான் நமக்கு மழை. ரொம்ப பேருக்கு இது தலைகீழா தெரியும், ஆனா பாத்துப் பாருங்க: வேப்பமரம் நாள் முழுக்க ஆடிட்டே இருந்தா சாயங்காலம் மழை இல்ல, மதியானம் ஒரு மணிக்கு இலை அசையாம புழுங்கி எடுத்தா கொடைய எடுத்து வாசல்ல வெச்சிருங்க.

படி 2: ரெண்டு மாசத்த மூணா பிரிச்சுக்கங்க

செப்டம்பர் மொத பாதி, அதாவது ஆவணி கடைசி. மேக்கு காத்து இருந்தும் இல்லாம இருக்கும். வடக்க இமயமலை அடிவாரத்துக்கு பருவமழையோட தாழ்வுப் பகுதி போயிடுச்சுன்னா வட இந்தியால மழை குறையும், டிவில "பருவமழை பலவீனம்"னு சொல்லுவாங்க, அப்போ பாத்து நம்ம பக்கம் ராத்திரி இடி மழை நல்லா புடிக்கும். செய்தில பலவீனம்னு கேட்டா நான் தார்ப்பாய எடுத்து வெப்பேன்.

செப்டம்பர் ரெண்டாம் பாதியில இருந்து அக்டோபர் மொத பாதி வரைக்கும், நம்ம புரட்டாசி. இதுதான் உச்சம். புரட்டாசில பொன்னுருகக் காயும் மண்ணுருகப் பெய்யும்னு பெரியவங்க சொன்னது அப்படியே நம்ம ஊருக்கு எழுதின மாதிரி இருக்கும், பகல்ல உருகற வெயில், அந்த வெயிலே சாயங்காலத்துக்கு மழையா மாறி எறங்கும். வானிலை மைய கணக்குப்படி ராஜஸ்தான்ல இருந்து தென்மேற்கு பருவமழை வெலக ஆரம்பிக்கறது சராசரியா செப்டம்பர் 17, நாடு முழுக்க வெலகி முடியறது அக்டோபர் 15. அந்த இடைப்பட்ட நாலு வாரம் காத்து எந்தப் பக்கமும் உறுதியா இல்லாம தடுமாறும், அந்த தடுமாற்றம்தான் இடி மழைக்கு நல்ல தீனி.

மூணாவது, அக்டோபர் 20 வாக்குல வடகிழக்கு பருவமழை. அப்போ ஆட்டமே மாறிடும், அத கடைசில சொல்றேன்.

ரெண்டு மாவட்டத்துக்கும் வருஷத்துக்கு மொத்தமா 800ல இருந்து 900 மிமீ வரைக்கும்தான் சராசரி, அதுல பெரிய பங்கு செப்டம்பர், அக்டோபர்ல விழும். இந்த ரெண்டு மாசம் ஏமாத்துனா ஏரி, கெணறு எதுவும் நிக்காது.

படி 3: வாரத்துக்கு ஒரு தடவ பெரிய படம்

வியாழக்கெழம வானிலை மையம் அடுத்த சில வாரத்துக்கான நீட்டிப்பு முன்னறிவிப்ப வெளியிடும். அதுல உங்க ஊர் பேர தேடாதீங்க, தமிழ்நாட்டு உள்பகுதி வழக்கத்த விட அதிகமா கம்மியான்னு மட்டும் பாருங்க. செப்டம்பர் மாச கடைசில அக்டோபர்-டிசம்பருக்கான பருவ முன்னறிவிப்பு வரும், அதுல பசிபிக் கடல் தண்ணி வழக்கத்த விட சூடா இருக்கற எல் நினோவா, குளுந்து இருக்கற லா நினாவா, இந்தியப் பெருங்கடல் இருமுனை, அதாவது அந்தக் கடலோட மேக்குக்கும் கெழக்குக்கும் உள்ள சூட்டு வித்தியாசம், எப்படி இருக்குன்னு சொல்லுவாங்க. எல் நினோவும் நேர்மறை இருமுனையும் (மேக்குப் பக்கம் சூடு அதிகம்) இருக்கற வருஷத்துல வடகிழக்கு பருவமழை பொதுவா நல்லா இருக்கும், லா நினான்னா கொஞ்சம் சொணங்கும். பொதுவாத்தான், ஒரே ஒரு புயல் வந்து அந்த கணக்கையே மாத்திட்டு போன வருஷமும் உண்டு. இத வெச்சு போர் போடலாமா, எந்தப் பயிர் வைக்கலாம்னு யோசிங்க, கல்யாணத் தேதி குறிக்காதீங்க.

படி 4: அன்னன்னைக்கு மணி வாரியா பாக்கற முறை

இதுதான் முக்கியம், பொறுமையா படிங்க.

காலைல ஆறு மணிக்கு எழுந்ததும் மானத்த பாருங்க. புல்லுல பனித்துளி, வானம் சுத்தமா நீலமா இருக்கா, அப்ப சூரியன் முழு பலத்தோட அடிக்கும், சாயங்காலத்துக்கு வாய்ப்பு இருக்கு. காலைலயே மூடாப்பா சாம்பல் கலர்ல மேகம் படுத்திருந்தா வெயில் தரையில விழாது, அன்னைக்கு பெரிய இடி மழை கஷ்டம், வந்தா பொசபொசன்னு தூத்தல்தான்.

பத்து மணி வாக்குல மேலகிரி பக்கமோ வத்தல்மலை பக்கமோ பாத்தீங்கன்னா பஞ்சு பஞ்சா மேகம் மொளைக்கும். பன்னெண்டு மணிக்கு அது இட்லி மாதிரி தட்டையாவே நிக்குதா, காலிஃப்ளவர் மாதிரி மேல மேல பொங்குதான்னு கவனிங்க. பொங்கிச்சுன்னா மதியானம் ரெண்டு மணிக்கு தலை பரந்து கொல்லன் பட்டறைக் கல்லு மாதிரி ஆகும், அதுதான் இடி மேகம், ஃப்ளைட்காரங்க சிபின்னு சொல்றது அதத்தான். நம்ம பக்கத்துல அதோட தலை 15 கிலோமீட்டர் ஒசரம் வரைக்கும் கூட போகும், பயணிகள் விமானம் பறக்கறதே 10ல இருந்து 12 கிலோமீட்டர்லதான், அதனாலதான் மேல ஏறித் தாண்ட முடியாம சுத்திப் போறாங்க.

மூணு மணிக்கு ஃபோன எடுங்க. சென்னை வானிலை மையத்தோட பக்கத்துல மாவட்டத்துக்கு மூணு மணி நேர முன்னறிவிப்பு இருக்கும், அது ஏழு நாள் படத்தவிட நூறு மடங்கு மேல். அடுத்து செயற்கைக்கோள் படம், இன்சாட் படம் அர மணிக்கு ஒண்ணு வரும், வெள்ளையா உருண்டையா பொங்கிட்டு இருக்கறது எங்க இருக்குன்னு பாத்துட்டு அர மணி கழிச்சு வந்த படத்தோட ஒப்பிட்டா எந்தப் பக்கம் நகருதுன்னு தெரிஞ்சிடும். செப்டம்பர்ல பெரும்பாலும் மேக்குல இருந்து கெழக்க நகரும். சாயங்காலம் ஓசூர், கோலார் பக்கம் பொறக்கற மேகம் ராத்திரி ஒம்போது பத்துக்கு திருப்பத்தூர், வேலூர்னு போயி நடு ராத்திரி சென்னைக்காரங்கள எழுப்பி விடும்.

ரேடார் படத்துல ஒரு எச்சரிக்கை சொல்லணும். சென்னை ரேடார் நம்ம கிருஷ்ணகிரிக்கு நேர்கோட்டுல 230 கிலோமீட்டர் தூரம். பூமி உருண்டை, ரேடார் கதிர் நேரா போகும், அதனால நம்ம ஊர் வரும்போது அந்தக் கதிர் தரையில இருந்து நாலஞ்சு கிலோமீட்டர் மேல போயிட்டு இருக்கும். பெரிய இடி மேகம் நல்லா தெரியும், கம்மியான ஒசரத்துல இருந்து விழற சாதா மழை தெரியவே தெரியாது. ரேடார்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லி நெல்ல காயப் போட்டு நனைஞ்சவங்க எங்க தெருவுலயே ரெண்டு பேரு.

நாலு மணிக்கு மேல கண்ணும் தோலும் போதும். மேக்கால கருக்கல் கட்டி மழைக்கால் எறங்கறது தெரியும், திடீர்னு புழுக்கம் விட்டு ஜில்லுனு ஒரு காத்து புழுதியோட வந்து மோதும். அந்த காத்து மழை மேகத்துக்குள்ள குளுந்து கீழ விழுந்து பரவற காத்து, அது வந்த பிறகு பத்து பதினஞ்சு நிமிஷம் உங்களுக்கு இருக்கு, சில சமயம் அதுகூட இல்ல. எங்க அம்மா அந்தக் காத்து வந்ததும் மூஞ்சிய நிமித்தி மோந்து பாத்துட்டு "கிட்டதான் பேஞ்சிருக்கு, மண்ணு வாசம் வருது"ன்னு சொல்லிட்டு வறட்டிய மூடப் போவாங்க, இதுவரைக்கும் அவங்க ஏமாந்து நான் பாக்கல.

தட்டான் தாழப் பறக்கறது, எறும்பு முட்டைய தூக்கிட்டு மேட்டுக்கு போறது, இதையும் ஒதுக்காதீங்க, காத்துல ஈரம் ஏறறத அதுங்க நமக்கு முன்னாடி உணருது.

படி 5: கனமழை, மிக கனமழை, அதி கனமழைன்னா எவ்வளவு

24 மணி நேரத்துல 64.5 மிமீக்கு மேலன்னா கனமழை, 115.6ல இருந்து மிக கனமழை, 204.5ம் அதுக்கு மேலயும் அதி கனமழை. அளவு காலை எட்டரையில இருந்து மறுநாள் எட்டரை வரைக்கும். "ஓரிரு இடங்களில்"னு அறிக்கைல போட்டா மாவட்டத்துல கொஞ்ச எடத்துலதான்னு அர்த்தம், உங்க ஊர் அதுல இல்லாம போகலாம், அதுக்காக அறிக்கை பொய்யின்னு சொல்லக் கூடாது.

படி 6: ஃப்ளைட் ஏறப் போறவங்களுக்கு

நமக்கு பெரிய ஏர்போர்ட் பெங்களூர், தேவனஹள்ளி. தர்மபுரிக்காரங்களுக்கு சேலம் ஏர்போர்ட்டும் கிட்டதான், ஓமலூர் பக்கம் காமலாபுரத்துல இருக்கு, 2023 அக்டோபர்ல இருந்து திரும்ப ஃப்ளைட் வருது. ஓசூர் பேளகொண்டப்பள்ளில இருக்கறது தனியார் ஓடுதளம், அங்க பயணிகள் ஃப்ளைட் இல்ல. ஓசூருக்கு 2,000 ஏக்கர்ல சர்வதேச விமான நிலையம்னு முதலமைச்சர் ஸ்டாலின் 2024 ஜூன்ல சட்டசபைல அறிவிச்சார், வந்தா நம்ம பொழப்பே மாறும், அது வரைக்கும் பெங்களூர்தான்.

பெங்களூருக்கு வருஷத்துலயே மழை அதிகமான மாசம் செப்டம்பர்தான், அதுவும் அதே சாயங்காலக் கணக்குதான். அதனால டிக்கெட் போடும்போதே செய்ய வேண்டிய மொத வேலை: செப்டம்பர், அக்டோபர்ல காலை ஃப்ளைட் எடுங்க, காலைல ஆறுல இருந்து மதியானம் ஒரு மணிக்குள்ள. சாயங்காலம் நாலுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும்தான் இடி மழை நேரம். எறநூறு முந்நூறு ரூவா மிச்சம் பண்ண சாயங்கால ஃப்ளைட் எடுத்துட்டு கனெக்‌ஷன விட்டவங்கள தம்பி நெறைய ஏத்திட்டு வந்திருக்கான். வெளிநாடு போறவங்க பெங்களூர்லயே ஏறுனா பரவால்ல, மும்பை, டெல்லி போயி மாறுறதா இருந்தா நடுவுல நாலு மணி நேரமாவது விடுங்க.

அடுத்து, போற அன்னைக்கு வானிலை ஆப்ப விட மெட்டார் பாருங்க. ஏர்போர்ட்ல அர மணிக்கு ஒரு தடவ அப்போதைக்கு இருக்கற வானிலைய ஒரே வரில குடுப்பாங்க, அதுக்குப் பேர் மெட்டார். அடுத்த 24 இல்ல 30 மணி நேரத்துக்கு எப்படி இருக்கும்னு குடுக்கறது டாஃப். ரெண்டும் யாரு வேணாலும் நெட்டுல பாக்கலாம், பெங்களூருக்கு நாலெழுத்துக் குறி விஓபிஎல், சேலத்துக்கு விஓஎஸ்எம், சென்னைக்கு விஓஎம்எம்.

எப்படி படிக்கறது? நான் ஒரு வரிய உதாரணத்துக்கு நானே எழுதறேன், நெஜ அறிக்கை இல்ல. "241130 இசட்"னு ஆரம்பிச்சா 24ஆம் தேதி, உலக நேரம் 11.30, அதோட அஞ்சரை மணி நேரம் கூட்டுங்க, நமக்கு சாயங்காலம் அஞ்சு மணி. இந்த அஞ்சரைய மறந்துட்டு காலைல பதினொண்ணரைன்னு நெனச்சு ஏமாறாதீங்க. அடுத்து "26018ஜி32கேடி": 260 டிகிரி, அதாவது மேக்குல இருந்து 18 நாட் காத்து, வீச்சு 32 நாட் வரைக்கும், நாட்ட 1.85ஆல பெருக்குனா மணிக்கு 33 கிலோமீட்டர், வீச்சு 59. அடுத்து "2000", இது ரெண்டாயிரம் மீட்டர் பார்வை தூரம். "ப்ளஸ் டிஎஸ்ஆர்ஏ"ன்னா இடியோட பலத்த மழை, ப்ளஸ் இல்லன்னா மிதமானது, மைனஸ்னா லேசு. "எஃப்இடபிள்யூ025சிபி"ன்னா 2,500 அடில அங்கங்க இடி மேகம். "22/20"ங்கறது வெப்பமும் பனிநிலை வெப்பமும், பனிநிலைன்னா காத்துல இருக்கற ஈரம் துளியா மாற ஆரம்பிக்கற வெப்பம். கடைசில "கியூ1012", அது காத்தழுத்தம்.

நீங்க எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வேணாம், மூணு எடத்த பாருங்க: டிஎஸ் இருக்கா, சிபி இருக்கா, ஜிக்கு அப்புறம் வர்ற வீச்சு எவ்வளவு. டாஃப்ல "டெம்போ"ன்னு போட்டு பக்கத்துல டிஎஸ்ஆர்ஏ இருந்தா அந்த நேரத்துக்குள்ள விட்டு விட்டு இடி மழைன்னு அர்த்தம், "ப்ராப் 30"ன்னா முப்பது சதவீத வாய்ப்பு. உங்க ஃப்ளைட் நேரம் அந்த டெம்போவுக்குள்ள விழுதுன்னா சாப்பாடு, சார்ஜர், கொழந்தைக்கு பால் எல்லாம் கையோட வெச்சுக்கங்க.

அந்த வெப்பத்தையும் பனிநிலையையும் கழிச்சு பாக்கறது எனக்கு ரொம்ப புடிச்ச கணக்கு. ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் மேகத்தோட அடி சுமாரா 125 மீட்டர் மேல இருக்கும். மதியானம் 31/19ன்னா வித்தியாசம் 12, மேக அடி 1,500 மீட்டர். விடியகாலைல 19/18னு வந்தா மேகம் தலைய தொடற மாதிரி, மூடுபனி ரெடி. பெங்களூர்ல மூடுபனி தொல்லை நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும்தான் அதிகம், ஆனா அக்டோபர்ல ராத்திரி மழை விட்டு வானம் தெளிஞ்சு காத்தும் நின்னு போனா விடியகாலைல கொஞ்ச நேரம் வரும்.

பைலட்டுங்க ஏன் மழைக்கு இல்லாம இடிக்கு பயப்படறாங்கன்னு தம்பி கேட்டான். சாதா மழைல எறங்கறது அவங்களுக்கு வழக்கமான வேலை. இடி மேகத்துல இருந்து குளுந்த காத்து மொத்தமா கீழ விழுந்து தரைல மோதி நாலா பக்கமும் சிதறும், எறங்கற விமானத்துக்கு மொதல்ல எதிர்க்காத்து வந்து தூக்கும், சில நொடில அதே பின்காத்தா மாறி தள்ளி விடும், தரைக்கு கிட்ட இருக்கும்போது அத சமாளிக்க எடம் இருக்காது. அதனாலதான் சுத்திட்டு நிப்பாங்க, இல்ல வேற ஊருக்கு போவாங்க. மேல பறக்கும்போதும் பெரிய இடி மேகத்துல இருந்து 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் வெலகிப் போகணும்னு பைலட்டுங்களுக்கு சொல்லிக் குடுக்கறாங்க. தரையில மின்னல் கிட்ட வந்துட்டா லக்கேஜ் ஏத்தறவங்க, பெட்ரோல் போடறவங்க எல்லாரும் உள்ள போயிடுவாங்க, மழையே இல்லாம ஃப்ளைட் நிக்கறதுக்கு அதுதான் காரணம், கவுன்டர்ல இருக்கற பொண்ணுகிட்ட கத்தாதீங்க.

ரெண்டு வருஷம் முன்ன எங்க தங்கச்சி மும்பைல இருந்து வந்துச்சு, சாயங்காலம் ஆறே முக்காலுக்கு எறங்க வேண்டிய ஃப்ளைட்டு. நாங்க வெளிய கம்பி கிட்ட நிக்கறோம், வடக்கால மானம் வெட்டி வெட்டி மின்னுது, பலகைல "தாமதம்"னு வந்துச்சு, அர மணி கழிச்சு பாத்தா சென்னைக்கு திருப்பி விட்டுட்டாங்க. ராத்திரி பதினொண்ணுக்கு சென்னைல இருந்து திரும்ப ஏறும்னு சொன்னாங்க, அது விடியகாலைல ரெண்டு மணி ஆச்சு, அது வரைக்கும் உள்ளயே ஒக்கார வெச்சு கொழந்தைக்கு தண்ணி கேட்டாகூட லேட்டாத்தான் வந்துச்சாம். அதுக்கப்புறம் எங்க வீட்ல யாரும் புரட்டாசில சாயங்கால ஃப்ளைட் எடுக்கறதில்ல. வானிலையால ரத்தானா நஷ்டஈடு கேக்க முடியாது, ஆனா டிக்கெட் காச திரும்ப வாங்கலாம் இல்லன்னா வேற ஃப்ளைட்ல போடச் சொல்லலாம், அது உங்க உரிமை, விட்டுடாதீங்க.

காத்து திசை மாறுறத ஜன்னல் சீட்லயே பாக்கலாம். பெங்களூர் ஓடுதளம் கெழக்கு மேக்கா இருக்கு. மேக்கு காத்து இருக்கற வரைக்கும் விமானம் கெழக்குல இருந்து வந்து மேக்க பாத்து எறங்கும், வாடைக்காத்து வந்துட்டா மேக்குல இருந்து வந்து கெழக்க பாத்து எறங்கும். இந்த ரெண்டு மாசத்துல ரெண்டும் நடக்கும், சில சமயம் ஒரே நாள்ல.

வீட்ல இருந்து கெளம்பற நேரம்: கிருஷ்ணகிரில இருந்து ஏர்போர்ட் 125, 130 கிலோமீட்டர், சாதா நாள்ல மூணு மணி நேரம். மழைன்னா அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, அப்புறம் சில்க் போர்டு பக்கம் தண்ணி நின்னுடும். சாயங்காலம் மழை வாட்டம் தெரிஞ்சா தம்பி ரெண்டு மணி நேரம் சேத்துதான் கெளம்புவான். சேலம் போறவங்களுக்கு தொப்பூர் கணவாய்தான் கண்டம், எறக்கத்துல ஈர ரோட்டுல லாரி பிரேக் புடிக்காது, மழை பேயும்போது லாரி பின்னாடி ஒட்டாதீங்க. சேலத்துக்கு வர்றது பெரும்பாலும் ஏடிஆர் மாதிரி சின்ன விமானம், சின்ன ஏர்போர்ட்ல பார்வை தூரம் கொறஞ்சா பெரிய ஏர்போர்ட்ட விட சீக்கிரம் ரத்தாகும்.

படி 7: சின்ன விமானம், ட்ரோன்

ஓசூர் மாதிரி 3,000 அடி மேட்டுல காத்து ஏற்கனவே மெலிசு. அதோட மதியானம் 30 டிகிரி வெயில் சேந்தா விமானத்துக்கு அது கிட்டத்தட்ட 5,500 அடி ஒசரத்துல இருக்கற மாதிரி, இஞ்சினுக்கு வலு கொறையும், ஓடுதளம் அதிகம் தேவைப்படும். பயிற்சி விமானம் ஓட்டறவங்க காலைல ஒம்போதுக்குள்ள முடிச்சுக்கறது இதனாலயும்தான்.

ட்ரோன் நம்ம ஊர்ல இப்ப கல்யாண வீட்டுலயும் பறக்குது, மருந்தடிக்கவும் பறக்குது. முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் பறக்கலாம், ஏர்போர்ட் எல்லைல இருந்து 8 கிலோமீட்டர்ல இருந்து 12 வரைக்கும் 200 அடிதான், அதுக்கு உள்ள முன் அனுமதி வேணும், அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல எந்த மண்டலம்னு பாத்துட்டு பறக்க விடுங்க. மருந்தடிக்க காலைல பனி காஞ்ச பிறகு ஏழரையில இருந்து பத்துக்குள்ள நல்ல நேரம், பத்துக்கு மேல சூடு ஏறி காத்து சுழட்டும், மருந்து பக்கத்து கொல்லைக்கு போகும். அடிச்ச பிறகு மழை வராம நாலஞ்சு மணி நேரம் கெடைக்கணும், அதுக்கும் காலைதான் சரி.

படி 8: கொல்லைக்கும் ஆத்துக்கும்

மழைமானி ஒண்ணு வைங்க, ஒரு தடவதான் செலவு. வாங்க முடியலன்னா அடியும் வாயும் ஒரே அகலமா இருக்கற நேரான டப்பாவ வெட்டவெளில வெச்சு ஸ்கேல்ல அளந்தாலும் போதும். ஒரு மிமீ மழைன்னா ஒரு ஏக்கர்ல 4,000 லிட்டருக்கு மேல தண்ணி. 25 மிமீ பேஞ்சா ஒரு ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர், ஒரு உழவு மழை. அது பேஞ்ச மறுநாள் சொட்டுநீர் மோட்டார போட்டா கரண்டும் தண்ணியும் வீண், வேரும் அழுகும். தக்காளி, சாமந்திக்கு மழைக்கு அடுத்த ரெண்டு நாள் வெயில் அடிச்சு திரும்ப மழை வந்தா பூஞ்சாணம் ஏறும், பாலக்கோடு, ராயக்கோட்டைக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஆயுத பூசைக்கு பூ வெக்கறவங்க பறிப்ப காலைலயே முடிச்சிருங்க, மதியானத்துக்கு தள்ளாதீங்க. மேகதூத் ஆப்ல பயிர் வாரியா ஆலோசனை வருது, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துலயும் பையூர் ஆராய்ச்சி நிலையத்துலயும் நேர்ல கேட்டா நம்ம மண்ணுக்கு தகுந்த மாதிரி சொல்லுவாங்க. பயிர் காப்பீடு எடுத்தவங்க, ஆலங்கட்டி மாதிரி சேதம் ஆச்சுன்னா 72 மணி நேரத்துக்குள்ள தகவல் குடுக்கணும், மொத வேலையா ஃபோட்டோ எடுங்க.

ஆறு விஷயத்துல நம்ம மானத்த பாத்தா மட்டும் பத்தாது. தென்பெண்ணை நந்தி மலைல பொறந்து பெங்களூர் ஓரமா வருது, அங்க கொட்டுனா ஓசூர் கெலவரப்பள்ளி அணை நெறஞ்சு, நுரை பொங்கி, அடுத்து கிருஷ்ணகிரி அணைக்கு வரும். கிருஷ்ணகிரி அணை முழு மட்டம் 52 அடி, 50 தாண்டுச்சுன்னா கரையோரம் மாடு கட்டாதீங்க, இங்க சொட்டு மழை இல்லன்னாலும் தண்ணி தெறப்பாங்க. ஒகேனக்கல்லும் அப்படித்தான், கர்நாடகால இருக்கற கபினி, கேஆர்எஸ் அணைல இருந்து வர்ற தண்ணிதான் பரிசல் ஓடுமா ஓடாதான்னு முடிவு பண்ணும். ஞாயித்துக்கெழம போறவங்க சனிக்கெழம, காவேரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையற பிலிகுண்டுலுல நீர்வரத்து எவ்வளவுன்னு செய்தில பாத்துட்டு கெளம்புங்க.

படி 9: மின்னல்

இதுல கொஞ்சமும் அலட்சியம் வேணாம். மின்னுன நொடில இருந்து இடி கேக்கற வரைக்கும் எண்ணுங்க, மூணு நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள்ள கேட்டா உள்ள போங்க, கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் கழிச்சு வெளிய வாங்க. புளியமரம், தனி பனமரம், மோட்டார் கொட்டாய் தகரம், எதுக்குக் கீழயும் நிக்காதீங்க. கார் கண்ணாடிய ஏத்திட்டு உள்ள ஒக்காந்தா பாதுகாப்பு. ஆடு மேய்க்கறவங்கதான் அதிகம் மாட்டறாங்க, அவங்க ஃபோன்ல தாமினி ஆப்ப போட்டு குடுங்க, புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் பண்ணது, 20, 40 கிலோமீட்டர் சுத்துல மின்னல் இருந்தா சொல்லும். ஆபத்துன்னா மாவட்ட கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

படி 10: அக்டோபர் 20க்கு அப்புறம் இந்தக் கடிகாரத்த கழட்டி வைங்க

வாடைக்காத்து புடிச்ச பிறகு மேல சொன்ன மணிக்கணக்கு எல்லா நாளும் வேல செய்யாது. மேகம் கெழக்குல இருந்து வரும், வங்கக்கடல்ல தாழ்வு மண்டலம் வந்தா காலை, மதியம், ராத்திரின்னு பாக்காம ஐப்பசி அடைமழையா நிக்கும். கடல்ல இருந்து தூரமா இருக்கோம், புயல் நம்மள என்ன பண்ணும்னு நாங்களும் நெனச்சதுதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரை கடந்துச்சு, அது வலுவிழந்து உள்ள வந்து டிசம்பர் 2 காலை எட்டரை வரைக்கும் 24 மணி நேரத்துல ஊத்தங்கரைல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு, ரோட்டோரம் நின்ன வண்டிங்கள ஏரித் தண்ணி அடிச்சுட்டு போனத எல்லாரும் வீடியோல பாத்தீங்க. வருஷம் முழுக்க பேய வேண்டியதுல பாதிக்கு மேல ஒரே நாள்ல.

அதனால அக்டோபர் மூணாவது வாரத்துல இருந்து நான் பாக்கற வரிசைய மாத்திடுவேன். காலைல மொதல்ல வங்கக்கடல் செயற்கைக்கோள் படம், அடுத்து சென்னை மையத்தோட மதிய அறிக்கை, அதுக்கப்புறம்தான் மேலகிரி பக்கம் தலைய தூக்கி பாக்கறது. ஃப்ளைட் இருந்தா பெங்களூரோட சென்னை டாஃபையும் சேத்து பாப்பேன், ஏன்னா திருப்பி விடற எடமே மழைல இருந்தா உங்க விமானம் கெளம்பற ஊர்லயே நிக்கும். மாடில இருக்கற மழைமானிய மட்டும் அதே எட்டரைக்கு அளக்கறேன், நோட்டுல புது பக்கம் திருப்பி மேல "வாடை"ன்னு எழுதிட்டு.